அரைவேக்காட்டு முட்டை, அவிடின், முடி கொட்டுவது: வாட்ஸ்அப்பில் வந்தது உண்மையா?

ஜூலை 3, காலை 7.52 (சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் அண்ணன் கேட்டது)

வேலைக்குப் போகும் வழியில் காப்பிக்கடையில் காயா டோஸ்ட் (தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டி), ரெண்டு அரைவேக்காட்டு முட்டை, ஒரு கோப்பி சி (பால் காப்பி). பல வருஷப் பழக்கம். இப்போது மச்சான் குடும்பக் குழுவில் ஒரு செய்தி போட்டிருக்கிறார். வேகாத வெள்ளைக்கருவில் அவிடின் என்று ஒரு புரதம் இருக்கிறதாம், பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்தால் விடவே விடாதாம், அதனால்தான் எனக்கு முன்மண்டை காலியாகிறதாம். 'விடவே விடாது' என்றால் அது என்ன, பசையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மச்சானுக்குப் பதில் கொடுக்க வேண்டும்.

ஜூலை 3, இரவு 9.15

மச்சான் பாதி சரி. முன்மண்டை விஷயத்தில் முட்டையைக் குறை சொல்லுமுன் அண்ணனின் அப்பா தலையைப் பார்க்கட்டும்.

அவிடின் நிஜம். வெள்ளைக்கருவில் உள்ள புரதத்தில் அதன் பங்கு சுமார் 0.05 சதவீதம்தான். ஒரு முட்டைக்கு ரெண்டு மில்லிகிராமுக்கும் கொஞ்சம் குறைவு. இந்தத் துளி சரக்குதான் 1920களில் ஆராய்ச்சியாளர்களைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்தது. 1927இல் லண்டனில் மார்கரெட் போவாஸ் எலிகளுக்குப் புரதமாக வேகாத வெள்ளைக்கருவை மட்டும் கொடுத்தார். தோல் உரிந்தது, முடி கொட்டியது. அதையே வேக வைத்துக் கொடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. ஈரல், ஈஸ்ட் போன்றவற்றைச் சேர்த்துக் கொடுத்தாலும் எலிகள் தேறின. வெள்ளைக்கருவில் நஞ்சு இருக்கிறது என்று பலரும் நினைத்தார்கள். 1940 வாக்கில் டெக்சாஸில் எஸ்மண்ட் ஸ்னெல் கூட்டம்தான் அது நஞ்சு இல்லை, வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம் என்று பிரித்துக் காட்டியது.

மனிதர்களிடமும் செய்து பார்த்தார்கள். 1942இல் சைடன்ஸ்ட்ரிக்கர் என்ற அமெரிக்க மருத்துவர், தன்னார்வலர்களுக்கு வாரக்கணக்கில் வெள்ளைக்கருவை அள்ளி அள்ளிக் கொடுத்தார். தோல் வறண்டது, சோர்வு, தசைவலி. பயோட்டின் ஊசி போட்டதும் சரியாயிற்று. அவர்கள் சாப்பிட்டது ரெண்டு முட்டைக் கணக்கு இல்லை என்பதை மச்சானுக்கு அடிக்கோடிட்டு அனுப்பவும்.

பசையா என்றால், இல்லை. எப்படி என்று நாளைக்கு எழுதுகிறேன். எனக்கு இது சோறு போடும் விஷயம்: பயோபோலிஸ் என்ற உயிரியல் ஆய்வு வளாகத்தின் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் அவிடினின் பாக்டீரியா உறவினரோடுதான் என் பிழைப்பு.

ஜூலை 4, இரவு 10.40

'விடவே விடாது' என்றால் அணுக்கள் எலக்ட்ரானைப் பகிர்ந்துகொள்ளும் வலுவான வேதிப்பிணைப்பு என்று நினைப்போம். அவிடினும் பயோட்டினும் சேரும்போது அப்படி ஒரு பிணைப்புகூட உருவாவதில்லை. எல்லாமே ஹைட்ரஜன் பிணைப்பு, எண்ணெய்ப்பசையுள்ள பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது, இவ்வளவுதான். ஒவ்வொன்றாக எடுத்தால் எல்லாம் சொத்தை. அத்தனையும் ஒரே நேரத்தில், சரியான இடத்தில் நடப்பதுதான் விஷயம்.

அவிடின் நான்கு ஒரே மாதிரித் துண்டுகள் சேர்ந்த புரதம். துண்டுக்கு 128 அமினோ அமிலம் (புரதச் சங்கிலியின் கண்ணிகள்), மொத்த எடை 66இலிருந்து 68 கிலோடால்ட்டன் (ஒரு டால்ட்டன் என்பது சுமார் ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை). ஒவ்வொரு துண்டும் எட்டு பீட்டா இழைகள் (சங்கிலியின் நீண்டு நிற்கும் பகுதிகள்) சுற்றி வளைந்த ஒரு பீப்பாய். பீப்பாயின் ஒரு முனையில் குழி. பயோட்டின் தலைகீழாக அதில் இறங்குகிறது: ரெண்டு வளையமுள்ள தலை ஆழத்தில், கார்பாக்சில் என்ற அமில முனையுள்ள வால் வாசலில்.

அடியில் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பயோட்டின் தலையில் யூரியா மாதிரி ஒரு பகுதி, அதில் ஒரு ஆக்சிஜன். அந்த ஒரே ஆக்சிஜனை மூன்று பேர் பிடிக்கிறார்கள்: அஸ்பராஜின் 12, செரின் 16, டைரோசின் 33 (பெயர் அமினோ அமிலத்துடையது, எண் சங்கிலியில் அதன் இடம்). அதன் இரு பக்கமும் உள்ள நைட்ரஜன்களை திரியோனின் 35உம் அஸ்பராஜின் 118உம் பார்த்துக்கொள்கின்றன. கந்தகத்துக்கு திரியோனின் 77. வாலின் கார்பாக்சிலுக்கு வாசலருகே இன்னும் ஐந்து பிணைப்பு. சுற்றிலும் சுவர் மாதிரி ட்ரிப்டோஃபான் 70, 97, ஃபினைல்அலனின் 79.

இன்னொரு ட்ரிப்டோஃபான் இருக்கிறது, 110ஆம் எண். அது இந்தத் துண்டினுடையதே இல்லை. பக்கத்துத் துண்டிலிருந்து நீண்டு வந்து பயோட்டினின் மேல் உட்காருகிறது. வீவக (அரசு வீட்டு) அடுக்குமாடியில் உங்கள் வீட்டுக் கதவை எதிர்வீட்டு ஆண்ட்டி வெளியிலிருந்து பிடித்துக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி. பதிலுக்கு உங்கள் ட்ரிப்டோஃபான் அவர் வீட்டுக் கதவில். நான்கு துண்டுகளும் இப்படி ஜோடி ஜோடியாக ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்குகின்றன. அந்த இடத்தில் வேறு அமினோ அமிலத்தை மாற்றி வைத்தால் பிடிமானம் தளர்கிறது, விட்டு விட்டுப் பிடிக்கிற புரதமாகிவிடுகிறது.

கடைசியாக மூடி. மூன்றாம், நான்காம் இழைகளுக்கு நடுவில் ஒரு வளைவு. பயோட்டின் இல்லாதபோது அது நிலையில்லாமல் ஆடிக்கொண்டிருக்கும், எக்ஸ்ரே படத்தில் தெளிவாகத் தெரியாது. பயோட்டின் உள்ளே வந்ததும் வாசலை மூடிக்கொண்டு அசையாமல் நின்றுவிடும்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்தது மிகப் பிந்தி. பாக்டீரியா உறவினரான ஸ்ட்ரெப்டவிடினின் படிக அமைப்பு 1989இல், கோழி அவிடினுடையது 1993இல். அதில் ஒரு அழகு: காலியான குழியிலும் சில நீர் மூலக்கூறுகள், பயோட்டின் வந்தால் எங்கெங்கே பிணைப்பு விழுமோ கிட்டத்தட்ட அங்கேயே இடம்பிடித்து நிற்கின்றன. பயோட்டின் வந்து அவற்றைக் கிளப்புகிறது.

ஜூலை 5, காலை 6.30

ஊர் ஆஃப்பாயிலும் இதுவும் வேறுதானே என்று பாசிர் ரிஸ் அக்கா கேட்டதற்கு: ஆமாம், ஊரில் தோசைக்கல்லில் ஊற்றும் ஆஃப்பாயில் வேறு, இங்கே வெந்நீரில் போட்டு எடுப்பது வேறு. அவிடின் கணக்கும் வேறுதான். ராத்திரி எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

ஜூலை 5, இரவு 9.50

சூடு.

வெள்ளைக்கருவில் முதலில் உறைவது ஓவோடிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம், 60 டிகிரி தாண்டியதும். அதிகம் உள்ள ஓவால்புமின் உறைய 80ஐத் தொட வேண்டும். அவிடின் குலைவதற்கு 85 பக்கம். பயோட்டினைப் பிடித்துக்கொண்டுவிட்டால் 130 டிகிரி வரை போக வேண்டும். அதாவது வீட்டு அடுப்பில் தண்ணீர் கொதித்து முடிந்து இன்னும் 30 டிகிரி. ஒரு சின்ன வைட்டமின், 244 டால்ட்டன், உள்ளே உட்கார்ந்ததால் மட்டும் இவ்வளவு.

காப்பிக்கடை முட்டை எப்படி ஆகிறது என்று எல்லாருக்கும் தெரியும். தகரக் குவளையில் கொதித்த நீர், முட்டை, மேலே ஒரு மூடி, சில நிமிஷம். தட்டில் உடைத்தால் வெள்ளைக்கருவில் ஒரு பகுதி பால்போல, ஓட்டோரம் கொஞ்சம் ஜெல்லி, மீதி கண்ணாடி மாதிரி வழியும். வழிந்த அந்தக் கண்ணாடிப் பகுதியில்தான் கறுப்பு சோயாவும் வெள்ளை மிளகும் போய்த் தேங்கும். வீட்டில் அதே மாதிரி செய்து சமையல் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தேன்: மஞ்சளுக்கு அருகில் அறுபதுகளின் நடுவில் நின்றது. 85 கிட்டேகூட இல்லை. வழிகிற பகுதியில் அவிடின் சௌக்கியமாக இருக்கும்.

1991இல் இதை அளந்து எழுதியிருக்கிறார்கள். வேகாததை 100 என்று வைத்தால், பொரித்ததில் 33, ரெண்டு நிமிஷம் அவித்ததில் 40, ஓடில்லாமல் வெந்நீரில் வேக வைத்ததில் 71 சதவீதம் மிச்சம். ஆக அக்கா, தோசைக்கல் ஆஃப்பாயில்தான் இதில் நல்ல பிள்ளை.

ஜூலை 6, மதியம் 1.05

ஈசூன் அண்ணன் 'எனக்கு எண் வேண்டும், கதை வேண்டாம்' என்கிறார். சரி, சாப்பாட்டு இடைவேளையில் கணக்கு.

ஒரு அவிடினில் நான்கு குழி. நான்கு பயோட்டினின் எடை 976 டால்ட்டன், அவிடின் 68,000. வகுத்தால் 1 மில்லிகிராம் அவிடின் சுமார் 14 மைக்ரோகிராம் பயோட்டினைப் பிடிக்கும். முட்டைக்கு 1.8 மில்லிகிராம் என்று வையுங்கள், 25 மைக்ரோகிராம். ரெண்டு முட்டை பச்சையாகக் குடித்தால் 50. அரைவேக்காட்டில் பாதி போயிருந்தால் 25.

ஒரு முழு முட்டையில் பயோட்டின் சுமார் 10 மைக்ரோகிராம், பெரும்பாலும் மஞ்சளில். ரெண்டுக்கு 20. பெரியவர்களுக்குப் போதுமென்று சொல்லப்படும் அளவு ஒரு நாளைக்கு 30.

ஆக, மோசமாகக் கணக்குப் போட்டாலும் உங்கள் முட்டை கிட்டத்தட்டத் தன் பயோட்டினைத் தானே விழுங்கிக்கொண்டு வெளியேறுகிறது. முட்டையில் வருவது பயனில்லை என்று வேண்டுமானால் மச்சான் சொல்லலாம். மதியச் சாப்பாட்டில் வரும் கடலை, ஈரல், மீன், தேக்கா சந்தையில் வாங்கிய கீரை எல்லாவற்றையும் அது தேடிப் போய்ப் பிடிக்காது. உடம்பு வேறு, பயன்படுத்திய பயோட்டினைக் கழற்றித் திரும்ப எடுத்துக்கொள்ளும். மருத்துவ இதழ்களில் வந்த, முட்டையால் நேர்ந்த பற்றாக்குறைக் கதைகள் எல்லாம் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஏராளமாகப் பச்சை வெள்ளைக்கரு சாப்பிட்டவர்களுடையவை.

முடி கொட்டுகிறதென்றால் இரும்புச் சத்தும் தைராய்டும் பாருங்கள். அண்ணன் வயதுக்கு, அப்பாவின் போட்டோவையும் பாருங்கள்.

ஜூலை 6, இரவு 11.20

தைராய்டு என்று எழுதிய பிறகு ஞாபகம் வந்தது. இது முட்டையைவிட முக்கியம்.

என் அண்ணிக்கு முடி கொட்டுகிறது என்று மருந்துக்கடையில் 'முடி, தோல், நகம்' மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பயோட்டின் 10,000 மைக்ரோகிராம். மேலே சொன்ன 30ஐ நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தனியார் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை. டிஎஸ்எச் (தைராய்டைச் சுரக்கச் சொல்லும் ஹார்மோன்) தரைமட்டம், டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) உச்சத்தில். தைராய்டு தாறுமாறாகச் சுரக்கிறது என்று மருந்து எழுதத் தயாராகிவிட்டார்கள். அண்ணிக்கு படபடப்பு இல்லை, எடை குறையவில்லை, நாடி 70. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அண்ணியும் வைட்டமினை மாத்திரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நடந்தது இதுதான். அந்தப் பரிசோதனைகள் பலவற்றில் ஸ்ட்ரெப்டவிடின் பூசிய நுண்மணிகள் இருக்கின்றன. டிஎஸ்எச்சைப் பிடிக்கும் எதிர்ப்பொருளில் பயோட்டின் ஒட்டியிருக்கும், அது போய் மணியில் உட்காரும், மணியில் எவ்வளவு ஒளி வருகிறது என்று இயந்திரம் பார்க்கும். ரத்தத்திலேயே பயோட்டின் வழிந்தால் குழிகள் முன்பே நிறைந்துவிடும். எதிர்ப்பொருளுக்கு இடமில்லை, ஒளி குறையும், டிஎஸ்எச் குறைவு என்று எழுதிவிடும். டி4 பரிசோதனை போட்டி முறை (ரத்தத்தில் உள்ள டி4உம் பரிசோதனைக்கெனச் சேர்த்த டி4உம் ஒரே இடத்துக்குப் போட்டி போடும்), அதில் ஒளி குறைந்தால் அளவு அதிகம் என்று பொருள். ஒரே காரணம், ரெண்டு எதிர்த்திசைப் பிழை, ரெண்டும் சேர்ந்து ஒரு நோயின் படத்தை அப்படியே வரைந்துவிட்டன.

மாத்திரையை நிறுத்திவிட்டுத் திரும்ப எடுத்ததில் எல்லாம் இயல்பு. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017 நவம்பரில் இதைப் பற்றி எச்சரித்தது. மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் பரிசோதனை பொய்யாகக் குறைந்து காட்டி ஒருவர் இறந்ததும் அதில் உண்டு. தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது ரெண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்தச் சொல்கிறார்கள். பலதுறை மருந்தகம் போகும் அம்மா, அத்தை எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்: வைட்டமினும் மாத்திரைதான், டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஜூலை 8, இரவு 8.30

'விடவே விடாது' என்பதைப் பற்றி மறுபடி யோசித்துக்கொண்டிருந்தேன். ஜூலை 4 குறிப்பில் எண்ணைத் தொடாமல் விட்டதற்குக் காரணம் இருந்தது.

எல்லாப் பாடநூலிலும் இருப்பது என். எம். கிரீன் 1963இல் சொன்னது: பிரிகை மாறிலி (எண் எவ்வளவு சின்னதோ, பிடி அவ்வளவு இறுக்கம்) 10இன் மைனஸ் 15ஆம் அடுக்கு மோலார். இவ்வளவு சின்ன எண்ணை நேராக அளக்க முடியாது. கதிரியக்கக் கார்பன் உள்ள பயோட்டினை வைத்து, எவ்வளவு வேகமாக ஏறுகிறது, எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று தனித்தனியாகப் பார்த்து வகுத்தார். ஏறுவது கண் இமைக்கும் நேரம். இறங்குவதோ, பிடித்ததில் பாதி விடுபடவே சுமார் 200 நாள். ஆக விடும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். முட்டை உங்கள் குடலில் இருக்கும் நேரத்துக்கு 'விடவே விடாது' என்பது சரியான விவரணை.

ஸ்ட்ரெப்டவிடின் இதைவிடக் கொஞ்சம் இளகியது, சில நாட்களில் பாதி இறங்கிவிடும். ஆனால் இதில் ஒரு திருப்பம் உண்டு. இந்த எண்கள் எல்லாம் தனிப் பயோட்டினுக்கு. ஆய்வுக்கூடத்தில் நாங்கள் யாரும் தனிப் பயோட்டினைப் பிடிப்பதில்லை, அதன் வாலில் ஒரு டிஎன்ஏவோ எதிர்ப்பொருளோ தொங்கும். வாலைக் கட்டிவிட்டால் வாசலில் உள்ள கார்பாக்சில் போய்விடுகிறது. அந்த இடத்தில் அவிடினுக்கு ஐந்து பிணைப்பு, ஸ்ட்ரெப்டவிடினுக்கு ரெண்டுதான். நிறைய வைத்திருந்தவனுக்கு நிறைய நஷ்டம். அதனால் வால் கட்டிய பயோட்டினை ஸ்ட்ரெப்டவிடின்தான் இறுக்கிப் பிடிக்கிறது. கோழிதான் உலக சாம்பியன் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பத்தியை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு காரணத்துக்காகவும் நாங்கள் பாக்டீரியா சரக்கையே வாங்குகிறோம். கோழி அவிடினில் சர்க்கரைச் சங்கிலி உண்டு, நேர்மின்சுமையும் எக்கச்சக்கம், கண்ட இடத்தில் எல்லாம் ஒட்டும்.

ஜூலை 8, இரவு 8.55

உட்லண்ட்ஸ் தம்பி, பள்ளி விடுமுறையில் செய்து காட்டக் கேட்டாயே: ஹாபா என்று ஒரு சாயம் இருக்கிறது. கரைசல் வெளிர்மஞ்சள். அவிடினை விட்டால் சாயம் குழிக்குள் போய் ஆரஞ்சாகிறது. இப்போது பயோட்டின் சில துளி. கையை எடுப்பதற்குள் ஆரஞ்சு கலைந்து மஞ்சளாகிவிடும், ஏனென்றால் சாயத்தை வெளியே தள்ளிவிட்டு பயோட்டின் உட்கார்ந்துகொள்கிறது. போன வருஷம் வந்த மாணவர்கள் துளியைக் கேட்டுக் கேட்டு விட்டார்கள். கடை முட்டையை வைத்துச் செய்ய முடியாது, அவிடின் மிகக் கொஞ்சம், கலங்கல் வேறு. விற்கும் தூளை வாங்கிச் செய்.

ஜூலை 9, காலை 7.10

'கோழிக்கு எதற்கு இந்த வேலை?' நல்ல கேள்வி. மஞ்சள்கருவுக்குள் குஞ்சுக்கான பயோட்டினைச் சுமந்து வர வேறொரு புரதம் இருக்கிறது. வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் காவல் வேலை என்பதுதான் பொதுவான கருத்து: ஓட்டைத் தாண்டி நுழையும் கிருமிக்கு பயோட்டின் கிடைக்காமல் பட்டினி போடுவது. இதையே பூச்சிக்கும் செய்து பார்த்தார்கள். அவிடின் உண்டாகும்படி மாற்றிய மக்காச்சோளம், சேமித்து வைத்த தானியத்தைத் தின்னும் வண்டுகளைக் கொல்கிறது என்று 2000இல் வெளியிட்டார்கள். என் அம்மா அரிசி டப்பாவில் வேப்பிலையோடு நிறுத்திக்கொண்டார்.

வைட்டமினைப் பிடிக்கும் புரதம் எல்லாமே கஞ்சன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் இரைப்பையில் சுரக்கும் ஒன்று பி12ஐப் பிடித்து சிறுகுடலின் கடைசி வரை பத்திரமாகக் கொண்டுபோய் ஒப்படைக்கிறது. அதுவும் நன்றாக இறுக்கிப் பிடிக்கும். ஆனால் செல்லின் வாசலில் அதை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது, உள்ளே போனதும் புரதத்தை உடைத்து பி12ஐ எடுத்துக்கொள்வார்கள். அவிடினுக்கு நம் குடலில் வாங்கிக்கொள்ள ஆளில்லை. பயோட்டினோடு சேர்ந்த அவிடினைச் செரிமான நொதிகளாலும் சுலபத்தில் வெட்ட முடியாது. பூட்டிய பெட்டியாக வந்து பூட்டிய பெட்டியாகவே போகும்.

ஜூலை 10, இரவு 10.15

ஜிம் தம்பி கடைசியில் வாயைத் திறந்தார்: பெட்டியில் வரும் திரவ வெள்ளைக்கருவை, பத்து முட்டை அளவு, தினமும் அப்படியே குடிக்கிறாராம். பாஸ்டரைஸ் செய்தது, பயமில்லை என்று பெட்டியில் போட்டிருக்கிறதாம்.

தம்பி, அந்தப் 'பயமில்லை' சால்மொனெல்லா என்ற கிருமியைப் பற்றியது. வெள்ளைக்கருவைப் பாஸ்டரைஸ் செய்வது 56, 57 டிகிரி பக்கம், சில நிமிஷம். அதற்கு மேல் போனால் உறைந்துவிடும், பெட்டியிலிருந்து ஊற்ற முடியாது. 85இல் குலையும் அவிடினுக்கு அது குளியல் வெந்நீர். ஜூலை 6 மதியக் கணக்கை உங்களுக்குப் போடுங்கள்: 18 மில்லிகிராம் அவிடின், 250 மைக்ரோகிராம் பயோட்டினைப் பிடிக்கும் கொள்ளளவு. உங்களிடம் மஞ்சளும் இல்லை. ஈசூன் அண்ணனின் மச்சான் எழுத வேண்டியது உங்களுக்குத்தான், குழு மாறிவிட்டது.

ஜூலை 10, இரவு 10.48

இல்லை, அந்த 10,000 மாத்திரையைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு குடிப்பது விடை இல்லை. கணக்குப்படி அவிடின் நிறைந்து மீதி ஏராளமாக ரத்தத்துக்குப் போகும், உண்மைதான். பிறகு வருடாந்திரப் பரிசோதனையில் என் அண்ணியின் கதை உங்களுக்கு நடக்கும். சட்டியில் ஊற்றி, வெள்ளையாகக் கெட்டியாகும் வரை கிண்டிச் சாப்பிடுங்கள். கொஞ்சம் வெங்காயம், பச்சைமிளகாய் போட்டால் தொண்டையிலும் இறங்கும்.